கிழிக்க மனம் வராத பெயர்கள்

காலையில் வேலைக்குப் போனதும் நான் செய்கிற முதல் காரியம் கதவுகளைப் படிப்பது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், வயதானவர்கள் தங்கியிருக்கிற கேர் ஹோம் ஒன்றில் எனக்கு வேலை. துணி துவைக்கிற மிஷின் பார்ப்பது, பல்பு மாற்றுவது, நாற்காலிக்கு ஸ்க்ரூ போடுவது என்று என்ன சொன்னாலும் செய்வேன். மொத்தம் இருபத்தெட்டு அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு தாள். தாளின் முன்பக்கம் உள்ளே இருப்பவரின் பெயர். உருவித் திருப்பினால் பிறந்த தேதி, சாப்பிடுகிற மாத்திரை, எதற்குப் பயப்படுவார், டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று வேலை செய்கிறவர்களுக்கான விவரம். எங்கள் ஊர் ஆரணியில் ஒரு சாவு விழுந்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். ஷாமியானா போடுவார்கள், மேளம் கேட்கும், பத்து மணிக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். இங்கே அந்த உறை காலியாக இருக்கும், அவ்வளவுதான். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு காலையும் ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை நடந்து, எல்லா உறையிலும் தாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தாள்களை அடித்தவன் நான்.

வந்து மூன்று வருஷமாகிறது. வந்தது என் மனைவி கஸ்தூரியின் வேலைக்காக. அவள் கண்ணமங்கலத்துப் பெண், நர்ஸ் படிப்பு படித்தவள். இந்த ஹோம்தான் அவளுக்கு விசா கொடுத்துக் கூப்பிட்டது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். முதல் வாரம் மேனேஜர் ஹெலன் என்னிடம், ஊரில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டாள். "பிரிண்டிங் பிரஸ்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் பிரிண்டரையும் காட்டி, கதவுத் தாள், துணியில் தைக்கிற பெயர்ச் சீட்டு, பிறந்தநாள் அட்டை எல்லாம் இனி உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனிடம் இருபத்தெட்டு பேரின் பெயரை நம்பிக் கொடுத்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்.

காரணம் இதுதான். நான் வேலை பார்த்த சலீம் பாயின் பிரஸ்ஸில், ஈய அச்சு இருந்த காலத்தில், தமிழ் எழுத்து நாலு அளவில் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து ஒரே ஒரு பெட்டிதான், அதுவும் வெறும் கேப்பிடல். ஆரணியில் கல்யாணப் பத்திரிகைக்கு இங்கிலீஷ் எதற்கு வேண்டும்? பி.ஏ., எம்.காம்., என்று மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போட வேண்டும். பட்டுக் கடைக்காரர்களின் லெட்டர்பேடில் கடைப் பெயர் போட வேண்டும். அதற்கு கேப்பிடல் போதும் என்று பாய் ஸ்மால் லெட்டர் வாங்கவே இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் காலையில் வந்து கேப்ஸ் லாக்கை ஒரு தட்டுத் தட்டினால் சாயந்திரம்தான் விடுவேன். ஆக எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கப் பெரிய எழுத்து. ஹெலனிடம் முதல் கதவுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் சிவப்புப் பேனாவால் பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள். எல்லாவற்றையும் கேப்பிடலில் போட்டால் கத்துவதுபோல இருக்கிறதாம். ஞாபகம் குறைந்தவர்கள் பெயரின் உருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார்களாம், எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நின்றால் அவர்களுக்கு அது வெறும் சுவராம். பெயருக்கு முதல் எழுத்து மட்டும் கேப்பிடல், மற்றதெல்லாம் ஸ்மால் என்றாள்.

சரி என்று வந்தேன். அடுத்த தாளில் பெயரைச் சரியாகப் போட்டு, முன்னால் மிஸஸ் என்பதை ஸ்மாலில் போட்டேன். மறுபடி வட்டம். மிஸஸ், மிஸ்டர், டாக்டர், கேப்டன் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்தால் அவையும் கேப்பிடலில் தொடங்க வேண்டும். சரி. அடுத்த தாளில் 'டாக்டர் சொன்ன மாத்திரை' என்கிற இடத்திலும் டாக்டருக்கு கேப்பிடல் போட்டேன். வட்டம். பெயர் இல்லாமல் தனியாக வந்தால் டாக்டர் ஸ்மாலாம். பக்கத்தில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் அந்த மரியாதை. மேனேஜர் என்று வந்த இடத்தில் எல்லாம் பயத்திலேயே கேப்பிடல் போட்டேன். ஹெலன் தன்னையே ஸ்மால் ஆக்கி வட்டம் போட்டாள். அம்மாவை மம் என்று பெயர்போலக் கூப்பிட்டால் கேப்பிடல், 'என்னுடைய மம்' என்றால் ஸ்மால் என்று ஒரு நாள் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. நம்முடையவள் என்று சொன்ன உடனே அம்மா எப்படிச் சிறுத்துப்போவாள்? இன்னும் ஒன்று. நான் என்கிற சொல் இங்கிலீஷில் எங்கே வந்தாலும் கேப்பிடல். நீ, அவர், அவர்கள் எல்லாம் ஸ்மால். நம் பக்கத்தில் பத்திரிகை அடிக்கிறவன் தன் பெயரை அடியில், மூலையில், கண்ணுக்குத் தெரியாத அளவில் போட்டுக்கொள்வான். இங்கே ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு வரியிலும் தன்னைத் தூண் மாதிரி நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை அடிக்கும்போதெல்லாம் யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றும்.

நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆனால் அதற்கான சண்டை உண்டு. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தோம். பெண்ணின் தாய்மாமன் பிரஸ் வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே கத்தினார். "இன்னா பாய் இது, எம்பேரு எறும்பு கணக்கா கீது, பெரியப்பன் பேரு மட்டும் பஸ் போர்டு கணக்கா கீது?"

சலீம் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணே, உங்க பேரு நீளம். அந்த சைஸ்ல போட்டா பத்திரிகைய உட்டு வெளிய வந்து ரோட்ல நிக்கும்."

"அப்ப பத்திரிகைய பெருசு பண்ணு."

"பண்ணலாம். பொண்ணு மாப்ள பேரு எங்க போடறது? கவர் மேலயா?"

"எங்கனா போடு. எம்பேரு சின்னதா இருந்தா நான் சீர் எடுத்துகினு வரமாட்டேன், சொல்லிட்டேன்."

மாமன் பெயரைப் பெரிதாக்கி மொத்தமும் மறுபடி அடித்தோம். முதலில் அடித்த முந்நூறு பத்திரிகை வீணாகிப் போனது. புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர் அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடப் போனார். பாய் எழுந்தே வந்துவிட்டார். "யோவ், அத்த கிழிக்காதய்யா! நாளைக்கு தாலி கட்டிக்கப்போற புள்ளைங்க பேரு அதுல கீது." அதுதான் எங்கள் பிரஸ்ஸின் வழக்கம். உயிரோடு இருக்கிற ஒருவர் பெயர் ஏறிய தாளைக் கிழிக்க மாட்டோம், மிதிக்க மாட்டோம், கடைக்குப் பொட்டலம் கட்டவும் கொடுக்க மாட்டோம். தப்பாக அடித்த பத்திரிகைகள் எல்லாம் ஒரு சாக்கில் சேரும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. பதினெட்டாம் பெருக்கு அன்று சாக்கை டிவிஎஸ்ஸில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் கமண்டல நாகநதியில் விடுவோம். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் ஏரியில். பாய் கரையில் நிற்பார், இறங்க மாட்டார். "உங்க சாமியோ எங்க சாமியோ, பேரு பேருதான்" என்பார். இருபத்தைந்து வருஷம் அப்படிச் செய்தவன் நான். அது மூளையில் இல்லை, கையில் ஏறிவிட்டது.

இந்தக் கையோடுதான் நான் ஹெலனின் ஆபீஸ் மூலையில் இருந்த, தாளைத் துண்டாக்குகிற ஷ்ரெடர் மிஷின் முன்னால் போய் நின்றேன். பதின்மூன்றாம் அறைக்கு மிஸஸ் எல்லிஸ் என்கிற அம்மா புதிதாக வந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்காது, மிஸஸ் எல்லிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தப் பெயரை நாலு முறை தப்பாக அடித்தேன். ஐந்தாவது சரியாக வந்தது. அந்த நாலு தாளையும் என்ன செய்ய என்று கேட்டேன். ஹெலன் மிஷினைக் காட்டினாள். விவரம் இருக்கிற எந்தத் தாளும் அதற்குள்தான் போக வேண்டும், சட்டம் என்றாள். போட்டேன். சேமியா மாதிரி வெளியே வந்தது. மிஸஸ் எல்லிஸ் துண்டு துண்டாகிக் கூடையில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் காலை பதின்மூன்றாம் கதவின் உறை காலியாக இருந்தது.

அவருக்குத் தொண்ணூற்று நாலு வயது. இருதயத்தில் கோளாறு. எனக்கு அதெல்லாம் தெரியும். கஸ்தூரியும் நூறு முறை சொல்லிவிட்டாள். ஆனாலும் அதற்குப் பிறகு என்னால் ஒரு தாளைக்கூட அந்த மிஷினில் போட முடியவில்லை. தப்பானதை மடித்து மதிய சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கஸ்தூரியின் கல்யாணப் புடவை வந்த அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது, ஆரணி கடைப் பெயரைத் தங்க எழுத்தில் போட்டது. அதில் அடுக்கினேன். இங்கேயும் ஆறு ஓடுகிறது. ஆனால் அதில் ஒரு காகிதம் போட்டால் போட்டோ எடுத்து அதிகாரிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏதாவது ஒரு ஆடிக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியோடு எடுத்துப் போய்விடலாம் என்று இருந்தேன். எல்லிஸ் அம்மாவின் நாட்டுக்காரர்கள் இருபது பேர் கமண்டல நாகநதியில் மிதந்து போவார்கள். அதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் தப்பு.

ஒரு நாள் துணி அறையில் சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்தபோது மடித்த தாள் ஒன்று கூடவே வந்து கீழே விழுந்தது. எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்த கேரன் எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். கேரன் ஹெலனுக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவள், நல்ல பெண்தான். தாளைப் பிரித்தாள், முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். இது வீட்டுக்கா போகிறது என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு இங்கிலீஷ் பத்தாது. "எஸ்" என்றேன். "எவ்வளவு நாளாக?" என்றாள். "த்ரீ இயர்ஸ்" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. மறுநாள் பத்து மணிக்கு ஹெலன் அறைக்கு வர வேண்டும், வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்று சாயந்திரமே ஒரு கடிதம் கையில் வந்தது. கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் மிஸ்டர், கேப்பிடலில் தொடங்கி, விதிப்படி இருந்தது.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி நின்றுகொண்டே இருந்தாள்.

"போன மாசமே சொன்னனா இல்லயா? பெட்டியத் தொறந்து பாத்த அன்னிக்கே சொன்னன், திருப்பிக் குடுத்துடுங்கனு."

"சொன்ன."

"அப்பறம் இன்னாத்துக்கு வச்சிகினு இருந்தீங்க? அதுல அவுங்க வியாதி, மாத்திர, பொறந்த தேதி எல்லாம் கீதுங்க. எவன் கைலயாவது மாட்னா இன்னா ஆவறது? அவுங்களுக்கு நீங்க பேரக் காப்பாத்தறவரா தெரியமாட்டீங்க. திருடனாத்தான் தெரிவீங்க."

"எனக்கு வேல போனா போவுது. உன் விசாவுக்கு..."

"உங்க வேல போனா என் விசா போவாது. ஆனா எனக்கும் தெரியுமானு கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்? தெரியும்னா சொல்லட்டும், தெரியாதுனா சொல்லட்டும்?"

விஷயம் தெரிந்தும் மறைத்தாள் என்று அவள் பெயரையும் எழுதிவிட்டால், அந்த வேலை போனால், ரெண்டு மாசத்தில் வேறு இடம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆரணியில் எங்களுக்கு என்ன இருக்கிறது? இங்கே வருவதற்காக எல்லாவற்றையும் விட்டோம். பிரஸ்ஸை பாய் மூடி ஒரு வருஷமாகிறது. இப்போது போனில்தான் பத்திரிகை வருகிறது, அதில் எந்த மாமன் பெயரையும் எவ்வளவு பெரிதாகவும் ஆக்கலாம். பஸ் வந்தது. ஏறியதும் கஸ்தூரி பெட்டியை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹெலன் அறையில் மூன்று நாற்காலி. கேரன் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி மாடிக்கு டூட்டிக்குப் போய்விட்டாள். நான் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தேன். ஹெலன் ஒவ்வொரு தாளாக எடுத்தாள், திருப்பினாள், வைத்தாள். எதற்காக எடுத்தாய், யாரிடமாவது காட்டினாயா, போட்டோ எடுத்தாயா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்றேன். பிறகு எதற்கு? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். நேம் லிவிங் பெர்சன். கட் நோ குட். ரிவர். ஹெலன் கேரனைப் பார்த்தாள். கேரன் எழுதுவதை நிறுத்திவிட்டு, ரிவரா என்று கேட்டாள். அவர்களின் பெயரை ஆற்றில் போடவா இவன் சேர்த்து வைத்தான் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அதுவும் உண்மைதான். உண்மை சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகிக்கொண்டே போனது.

அடியில் கடைசியாக மூன்று சின்னத் தாள்கள் இருந்தன. நான் சட்டையில் குத்திக்கொள்ள அடித்த பேட்ஜின் தப்பான பிரதிகள். ஒன்றில் மிஸ்டர் ஸ்மாலில், முனுசாமி முழுக்க கேப்பிடலில். இன்னொன்றில் மிஸ்டர் கேப்பிடலில், முனுசாமி ஸ்மாலில். மூன்றாவதில் இரண்டும் ஸ்மால். ஹெலன் அவற்றைத் தனியே தள்ளி, இது உன் பெயர்தான், இதில் பிரச்சினை இல்லை, நீ வைத்துக்கொள்ளலாம் என்றாள். பயத்தில் எனக்கு வாயில் உண்மை மட்டும்தான் வந்தது.

"நோ" என்றேன். "திஸ் இஸ் நாட் மை நேம்."

ஹெலன் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "உன் பெயர் இல்லையா?"

"மை ஃபாதர்."

"உன் அப்பா இங்கே வேலை செய்கிறாரா?"

"நோ. ஆரணி."

அவள் நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினாள். "மிஸ்டர் முனுசாமி ஆரணியில் இருக்கிறார் என்றால், மூன்று வருஷமாக இந்தக் கட்டடத்தில் வேலை செய்வது யார்?"

கேரன் வேகமாக எழுதினாள். தாள் எடுத்த குற்றம் போய், இப்போது ஆள் மாறாட்டக் குற்றம். போலீஸ் வரும், கஸ்தூரியும் வேலை போய் மாடியிலிருந்து அப்படியே இறங்கி வருவாள் என்று மனசு ஓடியது. "மை வைஃப். ப்ளீஸ். மை வைஃப்" என்றேன். அது மட்டும் அவர்களுக்குப் புரிந்தது.

கஸ்தூரி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். அவள் இங்கிலீஷ் நிதானமானது. எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போட்டுக்கொள்வோம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டதால் அப்பா பெயரை முழுசாக எழுதிவிட்டார், இவர் பெயர் ஏழுமலை என்றாள். ஹெலன் அலமாரியைத் திறந்து என் ஃபைலை எடுத்தாள். பாஸ்போர்ட் நகலில் ஒரு வரியில் முனுசாமி, அடுத்த வரியில் ஏழுமலை. இரண்டும் முழுக்க முழுக்க கேப்பிடல். இவ்வளவு வட்டம் போட்டாளே, அரசாங்கத்துக்கு அந்த விதி எதுவும் இல்லை. ஹெலன் அதை வெகுநேரம் பார்த்தாள். "மூன்று வருஷமாக உன்னை உன் அப்பா பெயரால் கூப்பிட்டேனா? ஏன் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை?"

இதற்குத் தமிழில்தான் பதில் இருந்தது. கஸ்தூரியைப் பார்த்துச் சொன்னேன், அவள் மாற்றிச் சொன்னாள். என் அப்பா களம்பூரில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். ஆயுசில் யாரும் அவருக்கு ஒரு திரு போட்டதில்லை. என் கல்யாணப் பத்திரிகையை நானே அச்சுக் கோத்து, திரு. முனுசாமி அவர்கள் என்று இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில் போட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எம்பேரு எங்கடா கீது என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்து, மை ஒட்டுகிறதா என்று பார்த்தார். இங்கே வந்த முதல் நாள் நீங்கள் எல்லோரும் மிஸ்டர் முனுசாமி என்று கூப்பிட்டீர்கள். எனக்கு அதை மாற்ற மனசு வரவில்லை.

ஹெலன் என் ஃபைலை மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு வேலைக்கான குரலில், மேனேஜர் ஸ்மாலில் வருகிற குரலில், சொன்னாள். தாள்களை வெளியே கொண்டுபோனது பெரிய தப்பு. எழுத்தில் எச்சரிக்கை உண்டு. மேலிடத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இன்னொரு தாள் போனால் வேலை இல்லை. கஸ்தூரிக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவே இல்லை. கஸ்தூரி தானாகவே, எனக்குத் தெரியும், திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். கேரன் நோட்டைப் பார்த்தாள், ஹெலனைப் பார்த்தாள். ஹெலன், அதை எழுத வேண்டாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து ஷ்ரெடரைக் காட்டினாள். இப்போதே. என் முன்னால். எல்லாவற்றையும்.

வேறு வழியில்லை. தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்தேன். இறந்துபோனவர்களின் பெயரை முதலில் போட்டேன், அதில் பயமில்லை. பிறகு உயிரோடு இருப்பவர்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் மிஸஸ், மிஸ்டர் சேர்த்து முழுசாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வெட்டினால், வெட்டியது தாளைத்தான், ஆளை இல்லை என்று அந்த மிஷினுக்குத் தெரியட்டும் என்று. நீ படிக்க வேண்டியதில்லை என்று ஹெலன் ஒரு முறை சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை. சேமியா கூடை நிறைந்தது. எல்லாம் முடிந்து, புடவைப் பெட்டியை மூடினேன். மேசைமேல் இருந்த அந்த மூன்று பேட்ஜ் தாளை எடுக்கத் திரும்பினேன். காரியம் முடிந்த நிம்மதியில் கேரன் மேசையைத் துடைப்பதுபோல அவற்றைக் கூட்டி எடுத்து, "இவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே மிஷினில் விட்டாள்.

நான் கத்தியது எனக்கே கேட்டது. மிஷின் நிற்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். நடைபாதையின் கோடியில், இருபத்தெட்டாம் கதவுக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்தேன். ஆரணியில் அப்போது சாயந்திரம் நாலு இருக்கும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன வருஷம்தான் வேலூரில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்று தாள், மூன்று துண்டு என்று ஏதோ கணக்கு மண்டையில் ஓடியது. கஸ்தூரி பின்னால் வந்து நின்றாள். "எடுப்பாருங்க" என்றாள். மூன்றாம் முறை, மணி நிற்கப் போகிற நேரத்தில், எடுத்தார்.

"இன்னாடா? உனுக்கு டூட்டி இல்லயா?"

"ஏம்பா போன எடுக்கல?"

"அது சட்டப் பையில கீது. நான் சட்டையக் கயட்டி ஆணில மாட்டிட்டு குந்திகினு கீறேன். இன்னா வெயிலு தெரியுமா இங்க?"

"உடம்பு எப்டி கீது?"

"கீது, கீது. ஏன்டா மூச்சு வாங்குது உனுக்கு? ஓடி வந்தியா?"

ஒன்றுமில்லை என்றேன். சும்மா போட்டேன் என்றேன். சும்மா எவனாவது லண்டன்ல இருந்து போன் போடுவானா என்றார். இது லண்டன் இல்லை என்று மூன்று வருஷமாகச் சொல்கிறேன். அவருக்குப் பின்னால் டீக்கடைச் சத்தம், கண்ணாடி டம்ளர் உருளுகிற சத்தம், பஸ் ஹாரன். யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். "யோவ் ஏழுமலை அப்பா! டீ ஆறிப்போவுது பாரு, ஜல்தி வா!" நான் கிளம்பி வந்த பிறகு அங்கே அவர் பெயர் அதுதான். முனுசாமி என்று கூப்பிடுகிற வயதுக்காரர்கள் அதிகம் பேர் இல்லை. அதே நேரம் எனக்குப் பின்னால் ஒன்பதாம் கதவு திறந்தது. டேன்பி என்கிற கிழவர் நடப்பதற்கான வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்ப் போய்விட்டது என்று சொல்வதற்காக, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "மிஸ்டர் முனுசாமி!"

"தோ வர்றேன்" என்று அப்பா அங்கே சொன்னார். "தோ வர்றேன்" என்று நான் இங்கே சொன்னேன்.